திங்கட்கிழமை ஒன்பதே கால்

நான் எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதி வைப்பவன். நாங்கள் இருக்கிற ஜேர்மன் ஊரில் எந்த வருடம் முதல் பனி எப்போது விழுந்தது, எந்தத் திருமணத்தில் அழைப்பிதழ் சொன்ன நேரத்துக்கும் தாலி ஏறிய நேரத்துக்கும் எவ்வளவு இடைவெளி, தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் பிரதம விருந்தினர் எத்தனை நிமிடம் பேசினார், அதில் எத்தனை நிமிடம் மைக் வேலை செய்தது என்றெல்லாம் என் கொப்பிகளில் இருக்கும். இதற்காகவே தமிழ்ப் பள்ளியின் வரவுப் பதிவேட்டை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். கற்பிக்கிற வேலை எனக்கில்லை. யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் பத்து நிமிடம் பிந்தி வந்து பஸ்ஸைக் குறை சொன்னார்கள் என்று எழுதுவதுதான் என் வேலை. மற்ற நாட்களில் தபால் பிரிக்கும் நிலையத்தில் நிற்கிறேன். அங்கும் நேரம்தான்.

நான் சொல்லப்போகிற நாளின் தேதியும் கொப்பியில் இருக்கிறது. ஆனால் இங்கே போடவில்லை. போட்டால் எங்கள் ஆட்கள் இரண்டு நிமிடத்தில் அது யாருடைய வீடு என்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஒக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. அவ்வளவு போதும்.

அதற்கு முந்திய சனிக்கிழமை, பதிவேட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டியபோது நான் எழுதாத எழுத்து இருந்தது. நான்கு பக்கம் முழுக்கக் கணக்கு. வரவுக் கணக்கு அல்ல. எழுத்துகளும் அடுக்குகளும் வளைகோடுகளும். சின்னப் பிள்ளைகளின் வகுப்புக்கு உதவிக்கு வரும் பிள்ளையின் வேலை அது. பதின்மூன்றாம் வகுப்பு. அடுத்த வருடம் மே மாதம் அபிட்டூர், அதாவது பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சை. அதிகம் பேசாத பிள்ளை. கேட்டதற்கு "ஓம்", கேளாததற்குச் சிரிப்பு.

"இது என்ன பிள்ளை?" என்று கேட்டேன்.

"ஐயோ மாமா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. சும்மா எழுதினனான்."

"சும்மா எண்டு நாலு பக்கமோ?"

"சின்னாக்கள் படம் கீறேக்கை நானும் ஏதும் செய்யவேணும்தானே. எனக்கு இது படம் கீறுற மாதிரி."

"அப்ப உனியிலை இதையே படிக்கலாமே?"

பல்கலைக்கழகத்தை இங்கே எல்லாரும் உனி என்றுதான் சொல்வோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் பிள்ளைகளின் வண்ணப் பென்சில்களை அடுக்கத் தொடங்கினாள். எல்லாம் அடுக்கி முடித்த பிறகுதான் சொன்னாள்:

"ஆசைதான். ஆனா எங்கடை ஆக்களிலை ஆர் மாமா கணக்குப் படிச்சவை? அப்பா வங்கியிலை அவுஸ்பில்டுங் எடுத்துத் தந்திட்டார். வாற திங்கள் இல்லை, அதுக்கு அடுத்த திங்கள் ஒன்பதே காலுக்கு டெர்மின், வரச்சொல்லியிருக்கினம். ஒப்பந்தத்திலை கையெழுத்து வைக்கவேணும். கனடா, லண்டன் எண்டு எல்லா இடமும் சொல்லியும் போட்டார்."

அவுஸ்பில்டுங் என்றால் தொழிற்பயிற்சி. வங்கியில் அது நல்ல விசயம். நான் அதைக் குறை சொல்லமாட்டேன். அவளுடைய தகப்பன் ஒரு ஜேர்மன் விடுதியில் சமையல்காரர். இருபத்திரண்டு வருடமாக உருளைக்கிழங்கு உருண்டை பிடிக்கிறவர். அந்த உருண்டைக்காகவே பக்கத்து ஊர்க் கிழவர்கள் ஞாயிற்றுக்கிழமை வருவார்கள் என்பதும் என் கொப்பியில் உண்டு. தன் பிள்ளை ஆவியும் எண்ணெயும் படாத கதிரையில் இருக்கப்போகிறாள் என்பது அவருக்குத் தேர்த்திருவிழா. அதற்கு அப்பால் ஒரு வீதி இருக்கிறது என்று அவருக்கு ஒருவரும் சொன்னதில்லை. எனக்கும்தான் யார் சொன்னார்கள்? நிறைய வாசிப்பேன், ஆனால் நான் மிதித்த கடைசி வகுப்பறை, தமிழ்ப் பள்ளிக்கூடம் வாடகைக்கு எடுக்கிற இந்த அறைதான்.

அன்று வகுப்பு முடிந்து பிள்ளையைக் கூட்டிப்போக வந்தபோது தகப்பனே வாய் நிறையச் சொன்னார்.

"வங்கிக்காரர் எட்டரையோ ஒன்பதே காலோ எண்டு கேட்டவை. குசினியிலை கிடக்கிற கலண்டரைப் பாத்தன். திங்கள் ராகுகாலம் ஏழரையிலையிருந்து ஒன்பது. ஒன்பதே கால் எண்டு அடிச்சுச் சொல்லிப்போட்டன்."

இங்கேதான் என் வியாதி வாயைத் திறந்தது. "தம்பி, அந்தக் கலண்டர் யாழ்ப்பாணத்திலை அடிச்சது. அங்கை ஆறு மணிக்குச் சூரியன் வரும். இஞ்சை ஒக்டோபரிலை ஏழரைக்குத்தான் வருது. ராகுகாலம் சூரியனைப் பாத்து எண்ணுறது. அப்ப இஞ்சத்தை ராகுகாலம்..."

"அண்ணை," என்று அவர் கையை உயர்த்தினார். "ராகு எண்டா ராகு. அவர் என்ன விசா எடுத்தோ வாறார்?"

வாசலில் நின்ற அத்தனை பெற்றோரும் சிரித்தார்கள். இந்த வழக்கில் நான் தோற்றது அது பதினோராம் முறை. அதையும் எழுதி வைத்தேன்.

மியூனிக் பல்கலைக்கழகத்தின் கார்ஹிங் வளாகத்தில் சனிக்கிழமை கதவுகளைத் திறந்து வைக்கிறார்கள், யாரும் போய்ப் பார்க்கலாம் என்று அந்த வாரம்தான் பத்திரிகையில் கண்டேன். எங்கள் பள்ளியில் மேல்வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர். ஆறு பேரின் வீட்டிலும் பல்கலைக்கழகம் போனவர் எவரும் இல்லை. வாட்ஸப் குழுவில் செய்தி போட்டேன். ரயில் நேரம், பிளாட்பாரம், திரும்பும் நேரம் எல்லாம் சரியாக. கடைசியில் மரியாதைக்காக ஒரு வரி சேர்த்தேன்: "பெற்றோரும் விரும்பினால் வரலாம்."

அந்த வரிதான் என்னைக் கவிழ்த்தது. எங்கள் ஆட்களுக்கு அது அழைப்பிதழ்.

சனிக்கிழமை காலை 7.04 ரயிலுக்கு 6.30 என்று சொல்லியிருந்தேன். 6.58க்குப் பிளாட்பாரத்தில் இருபத்திரண்டு பேர் நின்றார்கள். என்னோடு இருபத்து மூன்று. ஆறு பிள்ளைகள், மிச்சமெல்லாம் தாய், தகப்பன், சித்தி, தள்ளுவண்டியில் ஒரு கைக்குழந்தை. பட்டுச் சேலைகள். இரண்டு குளிர்ப்பெட்டி. வெந்நீர்ப் போத்தல்கள். நம் சமையல்காரர் சட்டையை இஸ்திரி போட்டு, தலையைப் படிய வாரி, கையில் ஒரு பெரிய பாத்திரத்தோடு நின்றார். அவர் மனைவி மயில்கழுத்து நிறப் பட்டில் ஜொலித்தார்.

"அக்கா, நாங்கள் ஒரு கட்டடம் பாக்கத்தான் போறம்," என்றேன்.

"உனி எண்டு சொன்னீங்களெல்லோ? கோயிலுக்குக் கட்டிறதைக் கட்டாமல் வேறை என்னத்தைக் கட்டிறது?"

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பிழையும் இல்லை.

குழுப் பயணச்சீட்டு ஒன்றில் ஐந்து பேர் போகலாம். நான் ஐந்து ஐந்தாகப் பெயர் எழுதி, பட்டியல் போட்டு, இருக்கையும் ஒதுக்கியிருந்தேன். ரயில் கிளம்பி நான்காம் நிமிடத்தில் அந்தப் பட்டியல் செத்தது. பெண்கள் எல்லாம் ஒரு பக்கம், ஆண்கள் மற்றப் பக்கம், பிள்ளைகள் மேல்தட்டில். சீட்டுப் பார்க்க வந்தவர் "இந்த ஐந்து பேரும் எங்கே?" என்று கேட்டபோது ரயிலின் மூன்று மூலைகளிலிருந்து கைகள் உயர்ந்தன. அவர் மூன்று தரம் எண்ணினார். மூன்று தரமும் வேறு வேறு தொகை வந்தது. கடைசியில் ஒரு மட்டன் ரோல் அவர் கைக்குப் போனது. தொகை சரி என்று ஒப்புக்கொண்டு போய்விட்டார்.

மியூனிக்கில் இறங்கி, நிலத்தடி ரயிலான ஊ-பானில் ஏறினோம். நகரம் முடிந்து வண்டி வெளிச்சத்துக்கு வந்ததும், இரண்டு பக்கமும் வயல். சமையல்காரரின் மனைவி யன்னலில் முகம் வைத்துப் பார்த்தார்.

"இஞ்சை பாருங்கோ, எங்களைத் தோட்டத்துக்கெல்லோ கூட்டிக்கொண்டு போறார்! புல்லுப் பிடுங்க விடப்போறார்."

"அப்பிடியெண்டாலும் நல்ல சேலையோடை பிடுங்குவீர்," என்றார் கணவர்.

கடைசித் தரிப்பில் இறங்கி மேலே வந்தோம். அகலமான வளாகம், கண்ணாடிக் கட்டடங்கள், எங்கும் சைக்கிள்கள். மாணவர்கள் ஒரே நிறச் சட்டை போட்டு வழிகாட்டினார்கள். கணிதக் கட்டடத்துக்குள் நுழைந்தோம். அங்கே எங்கள் இருபத்து மூன்று தலைகளும் ஒரே கணத்தில் நிமிர்ந்தன. நேரம் 11.41.

நீண்ட உயர்ந்த கூடம். அதன் மூன்றாம் மாடியிலிருந்து தரைவரைக்கும் இரண்டு பெரிய சறுக்குக் குழாய்கள் வளைந்து இறங்கின. பிள்ளைகள் விளையாட்டிடத்தில் இருப்பது போல. ஆனால் கோபுர அளவு. மேலே கண்ணாடி போட்ட, தாடி வைத்த ஒரு பெரிய மனிதர் சின்ன விரிப்பு ஒன்றில் உட்கார்ந்தார். மறைந்தார். சர்ரென்று ஒரு சத்தம். கீழே வந்து எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

"அது ஆர்?" என்று நம் சமையல்காரர் கேட்டார்.

"பேராசிரியராம்," என்றான் ஒரு பையன்.

சமையல்காரர் நெஞ்சு நிமிர்ந்தது. வழக்கில் வென்றவர் போல என்னைப் பார்த்தார். "பாத்தீங்களே அண்ணை? இதுவோ உனி? நரைச்ச ஆக்கள் சறுக்கி விளையாடுகினம். வங்கியிலை சறுக்கு இல்லை!"

எல்லாரும் சிரித்தார்கள். பிள்ளையும் சிரித்தாள். ஆனால் அவள் கை சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்ததை நான் கண்டேன். திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள். நான் ஒரு முட்டாள் ஊர்வலத்தை நடத்திக்கொண்டு வந்து அவளுடைய கடைசி வாய்ப்பையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அதையும் எழுத வேண்டுமே என்று கொப்பியைத் திறந்தேன்.

அப்போது தாய் அண்ணாந்து பார்த்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டார்: "ஏன் பிள்ளை இது நேரா இல்லாமல் இப்பிடி வளைஞ்சு கிடக்கு?"

"அது பராபெல் அம்மா."

"அப்பிடியெண்டா?"

பிள்ளை ஒரு கணம் யோசித்தாள். "அப்பா பின்வளவிலை குழாயாலை தண்ணி அடிக்கேக்கை, தண்ணி எப்பிடிப் போகுது? முதல்லை நேராப் போற மாதிரி வெளிக்கிட்டு, பிறகு வளைஞ்சு வளைஞ்சு விழும்தானே? அந்தக் கோட்டைத் தலைகீழாப் பிடிச்சா அதுதான் இது. பாருங்கோ, கீழை இந்த இடத்திலையிருந்து ஒரு அடி பின்னாலை போனா இவ்வளவுதான் உயரம். இரண்டு அடி போனா இரண்டு மடங்கில்லை, நாலு மடங்கு. மூண்டு அடி போனா ஒன்பது மடங்கு. அதாலைதான் மேலை அவ்வளவு செங்குத்து, கீழை வர வரப் படுத்திடுது. படுக்காட்டிப் பேராசிரியர் நிலத்திலை போய் முட்டியிருப்பார்."

பெண்கள் சிரித்துக்கொண்டு கிட்ட வந்தார்கள். அவள் நிறுத்தவில்லை. ரோல் சுற்றிய கடதாசியை விரித்து அதில் கீறினாள். எண்ணெய்ப் பொட்டை உச்சிப் புள்ளியாக வைத்தாள். தாயின் சேலைக் கரையைப் பிடித்து வளைத்து, இது பராபெல் இல்லை, தொங்குகிற சங்கிலியின் கோடு, பார்க்க ஒன்று போல இருக்கும், ஆனால் வேறு, ஏன் வேறு தெரியுமா என்று கேட்டு அதையும் சொன்னாள். கைகள் பறந்தன. பட்டுச் சேலைகள் வட்டமாக நின்று தலையாட்டின. குளிர்ப்பெட்டி திறந்தபடி கிடந்தது. ஒருவரும் அதற்குள் கை விடவில்லை. எங்கள் ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு அது என்ன மாதிரியான சாட்சி என்று தெரியும். 11.52 தொடக்கம் 11.59 வரை. ஏழு நிமிடம். ஐந்து வருடப் பதிவேட்டில் அவள் பேசியதையெல்லாம் கூட்டினாலும் அவ்வளவு வராது.

வட்டத்துக்குப் பின்னால், வழிகாட்டிகளின் நிறச்சட்டை போட்ட ஓர் இளம்பெண் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தமிழ்நாட்டுப் பெண் என்பது வாய் திறந்ததும் தெரிந்தது.

"சாரி, டிஸ்டர்ப் பண்றேன். நீங்க எந்த செமஸ்டர்? டிபார்ட்மென்ட்ல உங்களைப் பார்த்ததே இல்லையே?"

பிள்ளை கடதாசியை மடித்துக்கொண்டாள். வந்த பேச்செல்லாம் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. தகப்பன்தான் பதில் சொன்னார். குரல் கொஞ்சம் கீச்சிட்டது.

"அவ இன்னும் பள்ளிக்கூடம்."

"ஸ்கூலா? நிஜமாவா? நான் இங்க பி.எச்.டி. பண்றேன். எங்க ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு இவ்ளோ தெளிவா வராது சார்."

அவர் அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தார். எங்கள் ஆட்கள் வழக்கமாகக் கேட்கிற ஊர், உறவு ஒன்றும் கேட்கவில்லை.

"பிள்ளை, உங்கடை அப்பா என்ன படிச்சவர்?"

"எட்டாவது சார். பஸ் கண்டக்டர். எங்க வீட்ல காலேஜ் வாசல் மிதிச்சது நான்தான் ஃபர்ஸ்ட்."

"அப்ப இதெல்லாம் படிக்கலாம் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"யாரும் சொல்லலையே. ஸ்கூல்லேர்ந்து ஒரு தடவை காலேஜ் பார்க்கக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க கேன்டீன்ல சமோசா தர்றாங்கன்னு கேள்விப்பட்டுப் போனேன் சார். சமோசா தீர்ந்துபோச்சு. அப்புறம் வேற என்ன பண்றது, லெக்சர்ல போய் உட்கார்ந்தேன்."

ஒரு சித்தி சட்டென்று ரோல் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் கடித்தாள். கண் விரிந்தது. "அய்யோ, இது என்ன சார், இவ்ளோ நல்லா இருக்கு!"

"நான் செய்தது," என்றார் சமையல்காரர். பிறகு மகளைப் பார்த்து, "நீ வீட்டிலை ஒரு நாளும் இவ்வளவு கதைச்சதில்லையே?" என்றார்.

"வீட்டிலை பராபெல் இல்லையப்பா."

தாய்தான் முதலில் சிரித்தார். சிரித்து, சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகி, "ஊசி இருக்கோ ஆரிட்டையும்?" என்று கேட்டார். நான்கு பேர் நீட்டினார்கள். "நான் சறுக்கப் போறன்."

"இஞ்சாரும், உமக்கென்ன விசரோ?"

"பிள்ளை சொன்னதைக் கேட்டனீங்கள்தானே? கீழை வரேக்கை படுத்திடும். ஒண்டும் நடக்காது."

நேரம் 12.20. மூன்று மாடி ஏறினார். மேலே மயில்கழுத்து நிறம் ஒரு கணம் மின்னியது, மறைந்தது. "முருகா" என்று தொடங்கிய ஒலி குழாய்க்குள்ளே நீண்டு, கீழே வெளியே வரும்போது சிரிப்பாக மாறியிருந்தது. அதன்பிறகு யாரையும் பிடித்து வைக்க ஏலவில்லை. பட்டுச் சேலைகள் வரிசையில் நின்றன. பேராசிரியர் வந்து விரிப்புகளை எடுத்துக் கொடுத்தார். சமையல்காரர் இறங்கியபோது அவருடைய வலது சப்பாத்து முதலில் வந்தது. இரண்டு நொடி கழித்து அவர் வந்தார். எழும்பியதும் சப்பாத்தைத் தேடவில்லை. குழாயை நிமிர்ந்து பார்த்து, கையை மேலிருந்து கீழே ஒரு தரம் வளைத்துப் பார்த்தார். தண்ணீர் அடிக்கிற கை.

நானும் சறுக்கினேன். எத்தனை நொடி என்று எழுதலாம் என்று பேனாவைத் திறந்தபடி வைத்திருந்தேன். அந்தப் பக்கத்தில் 12.47 என்று இருக்கிறது. அதன் கீழே பக்கத்தின் அடிவரைக்கும் ஒரு நீண்ட கோடு, பிறகு ஒரு மைப்பொட்டு. பராபெல் இல்லை என்று பிள்ளை பின்னர் பார்த்துச் சொன்னாள்.

திரும்பும் ரயிலில் சமையல்காரர் என் பக்கத்துக் கதிரைக்கு வந்தார். வெளியே பார்த்தபடி, மெதுவாகக் கேட்டார்:

"அண்ணை, உங்கடை ராகுக் கணக்கு. அதை ஒருக்கா சொல்லுங்கோ பாப்பம்."

பதினொரு தோல்விக்குப் பிறகு கேட்கப்பட்ட கேள்வி. கொப்பியைத் திறந்தேன். "இப்ப சூரியன் ஏழரைக்கு எழும்பி ஆறரைக்குப் படுது. பகல் பதினொரு மணித்தியாலம். எட்டாப் பிரிச்சா ஒரு பங்கு எண்பத்திரண்டரை நிமிசம். திங்களுக்கு இரண்டாவது பங்கு ராகு. எட்டு ஐம்பத்திரண்டரைக்குத் தொடங்கி..."

"எப்ப முடியுது?"

"பத்தே காலுக்கு."

"அப்ப ஒன்பதே கால்?"

"உள்ளுக்கை. நல்லா உள்ளுக்கை."

அவர் எழும்பினார். "ஐயையோ!" என்று பெட்டி முழுக்கக் கேட்கக் கத்தினார். "திங்கட்கிழமை ஒன்பதே கால் எண்டா இஞ்சத்தைக் கணக்குக்கு நட்ட நடு ராகுகாலமெல்லோ! அண்ணை கணக்குப் போட்டுப் பாத்தவர்!" பெண்கள் பக்கம் திடுக்கிட்டது. "கடவுளே, கையெழுத்து வைக்கிற விசயமெல்லோ!" என்றார் ஒரு சித்தி. அவர் அங்கேயே கைபேசியை எடுத்து லண்டன் மைத்துனருக்கு அடித்து, ஜேர்மன் சூரியனைப் பற்றி நான்கு நிமிடம் விளக்கினார். ராகுவுக்கு விசா கேட்ட மனிதர்.

போனை வைத்துவிட்டு, மேல்தட்டிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டார். அவள் வந்து படியில் உட்கார்ந்தாள். இப்போது அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"நேரத்தை விடு. அது ஊருக்குச் சொல்ல. நீ சொல்லு. வங்கியோ, அந்தச் சறுக்கோ?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவரை மட்டும் பார்த்தாள். "சறுக்கு அப்பா."

"படிச்சு முடிய எத்தினை வருசம்?"

"மூண்டு. பிறகு வேணுமெண்டா இரண்டு."

"நான் உருண்டை பிடிக்கத் தொடங்கி இருபத்திரண்டு." அவர் விரல்களை மடக்கிப் பார்த்தார். "ஐஞ்செண்டா ஒண்டுமில்லை. வங்கி எங்கையும் ஓடாது."

பிறகு அவர் குளிர்ப்பெட்டியைத் திறந்து கடைசி ரோலை எடுத்து, இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை அவளுக்குக் கொடுத்து மற்றப் பாதியைத் தான் தின்றார். எனக்குத் தரவில்லை. அதையும் எழுதினேன். நேரம் 5.33.

திங்கட்கிழமை நான் வேலையில் நின்றேன். இரண்டாவது இடைவேளை பத்து மணிக்கு. ஒன்பதே காலுக்குத் தபால் உறைகள் வந்துகொண்டே இருந்தன. கண் மட்டும் சுவர் மணிக்கூட்டில். வார இறுதியில் மனம் மாறியிருப்பாரோ, லண்டன் மைத்துனர் திருப்பி ஏதும் சொன்னாரோ என்று எல்லாம் ஓடியது. இடைவேளை முடியப் போகும் நேரம், 10.24க்குப் பிள்ளையின் குறுஞ்செய்தி வந்தது: "வங்கிக்கு நானே எடுத்துச் சொல்லிப்போட்டன் மாமா. பத்தே கால் தாண்டட்டும் எண்டு அப்பா என்னைத் தன்ரை விடுதிக் குசினியிலை இருத்தி, போனைக் கையிலையிருந்து பறிச்சு வைச்சிருந்தவர். வேண்டாம் எண்டு சொல்லுறதையும் நல்ல நேரத்திலைதான் சொல்லவேணுமாம். வங்கியிலை அந்த மனிசி வாழ்த்துச் சொன்னவ."

அதன் பின்னாலேயே தகப்பனின் குரற்பதிவு. பின்னணியில் பாத்திரச் சத்தம், யாரோ ஜேர்மனில் கத்துவது.

"அண்ணை, உனிக்கு மனுப் போட யூலை பதினைஞ்சு வரைக்கும் நேரம் இருக்காம். கடைசி நாள்வரைக்கும் விடமாட்டம், எண்டாலும் ஒரு பாதுகாப்புக்கு அந்த நாளையும் பாத்து வையுங்கோ. இஞ்சத்தைச் சூரியனிலை. யாழ்ப்பாணக் கலண்டரை நான் கழட்டிப்போட்டன்."

இடைவேளை முடிந்துவிட்டது. மேற்பார்வையாளர் பார்த்தார். நான் ஓர் உறையின் பின்பக்கத்தில், யாருக்கோ போகிற கடிதம் என்று தெரிந்தும் பென்சிலால், கணக்குப் போட்டேன், பிறகு அழித்தேன். யூலை நடுவில் சூரியன் காலை ஐந்தரைக்கு முன்பே வந்து இரவு ஒன்பதுக்குப் பிறகுதான் போகிறது. பகல் பதினைந்தே முக்கால் மணித்தியாலம். ராகுவுக்கு ஏறத்தாழ இரண்டு.

மிச்சம் எல்லாம் பிள்ளைக்கு.